ஆறடி ஆறு அங்குலம்

மாலை ஐந்து மணிக்குள் டுலூத் கூடைப்பந்து அணியின் பட்டியல் போயாக வேண்டும். ஓர் இடம்தான் பாக்கி.

"புதுப்பையன் வெண்டலையே சென்டராப் போட்டுக்கலாம், ராய்," என்றார் கோச் ரூஃபஸ்.

மேனேஜர் ராய் பயிற்சிப் பக்கமே எட்டிப் பார்க்காதவர். அவருக்கு எல்லாமே காகிதம்தான்.

"ஆறடி ஆறு அங்குலம்னு எழுதியிருக்கு. இவன் சென்டரா? கூடைக்கு ஏணி நீ கொண்டு வருவியா? பட்டியல்ல இருக்கற நம்ம குன்னாரைப் பாருய்யா, ஆறடி பதினொண்ணு!"

"அந்தக் குன்னார் தலைக்கு மேலதான் நேத்து பயிற்சியில இவன் பதினாலு பந்தைப் பிடுங்கினான்."

"குன்னாருக்கு உடம்பு சரியில்லாம இருந்திருக்கும். பையனைக் கூப்பிடு, நானே பக்குவமாச் சொல்லி அனுப்பிடறேன்."

வெண்டல் வந்தான். வாசல் நிலையில் அவன் நெற்றி 'ணங்'கென்று மோதியது.

ராய் நிலையைப் பார்த்தார். காலையில் இதே வழியாகத்தான் குன்னார் தொப்பியோடு நிமிர்ந்து வந்து, நிமிர்ந்தே போயிருந்தான்.

"ரூஃபஸ், இந்த உயரமெல்லாம் யாருய்யா அளந்தது?"

"யாரும் அளக்கல. அவங்கவங்க சொன்னதை எழுதிக்கிட்டேன். எல்லா அணியிலயும் அப்படித்தானே? இவன் ஒருத்தன்தான் ஷூவைக் கழட்டிட்டு, அளந்து எழுதினான்."

ராய் பேனாவை எடுத்தார். வெண்டல் பெயருக்கு எதிரே இருந்ததை அடித்துவிட்டு, 'ஏழடி' என்று எழுதினார்.

"சார், நான் ஏழடி இல்லையே!" என்றான் வெண்டல், நெற்றியைத் தடவிக்கொண்டே.

"பேசாம கையெழுத்துப் போடுப்பா. குன்னாரைவிட நீ குட்டையா இருந்தா நல்லாவா இருக்கும்?"