வெட்டாத வலை

செல்பேசிக்கு வந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். வாலின் இடது ஓரம் பிய்ந்திருந்தது.

அதேதான்.

பாம்பன் படகுத்துறையின் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

போன மார்கழியில் இந்தப் பக்கத்துக் கடற்புல்லில் மேய்ந்துகொண்டிருந்த கடல்பசு. பக்கத்தில் ஒரு குட்டி. தாய் மேலே வந்தால் அதுவும் வந்தது. தாய் மூழ்கினால் அதுவும் மூழ்கியது. படகின் விளிம்பில் கவிழ்ந்து படுத்துக்கொண்டு, கண் கூசக் கூசப் பார்த்திருந்தாள்.

இப்போது தாய் அக்கரையில், இலங்கையின் மன்னார் பேசாலைக் கடலில், ஒரு வலைக்குள் செத்துக் கிடந்தது.

செல்பேசி அடித்தது. லெம்பேட் அண்ணன். படம் அனுப்பியவர் அவர்தான். வலையும் அவருடையதுதான்.

மூன்று வருடப் பழக்கம். நேரில் பார்த்ததில்லை. இரண்டு நாட்டு மீனவர்களையும் சேர்த்துக் கடல்பசுவைக் காக்க ஒரு திட்டம் இருந்தது; அதில்தான் அவள் வேலை பார்த்தாள். ஐரோப்பாவிலிருந்து ஒரு நிதியம் பணம் தந்தது. வலையில் கடல்பசு மாட்டினால் யோசிக்காமல் வலையை வெட்டிவிட வேண்டும். வெட்டிய வலைக்குப் புது வலை வீடு தேடி வரும். லெம்பேட் இரண்டு முறை வெட்டியிருக்கிறார்.

சித்திரையோடு திட்டம் நின்றது. நிதியத்தின் முன்னுரிமைகள் மாறிவிட்டனவாம். மிக மரியாதையான மின்னஞ்சல். எல்லோருக்கும் நன்றி சொல்லியிருந்தார்கள்.

அக்கரைக்காரர்களிடம் சொன்னது அவள்தான். ஒவ்வொருவராக அழைத்து. இனிமேல் வலை வராது என்று.

"அதுக்கென்ன தங்கச்சி" என்றார் அன்று லெம்பேட். அவளைத் தேற்றுகிற குரலில்.

இன்று அந்தக் குரல் இல்லை.

"நான் வெட்டேல்லை, தங்கச்சி."

காற்று இரைந்தது.

"கத்தியைக் கையில எடுத்தனான். புது வலை. அவிழ்த்துப் பாப்பமெண்டு நினைச்சிட்டன். அவிழ்க்க முந்தி மூச்சு அடங்கிட்டுது."

தண்ணீருக்கு மேலே வராமல் அது எவ்வளவு நேரம் தாங்கும் என்று அவருக்குத் தெரியாதா? வேறு யாருக்குத் தெரியும்?

"குட்டி இருந்துச்சாண்ணே?"

செல்பேசியைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"இஞ்சதான் நிக்குது. வலையை அவிழ்த்ததும் தாய் அடியில தாண்டு போச்சு. இது வள்ளத்தோட ஒட்டிக்கொண்டு நிக்குது. முட்டுது. போகுதில்லை."

போன வருடமாக இருந்தால் தலைமன்னாரிலிருந்து மீட்புப் படகு புறப்பட்டிருக்கும். பாலோடு மருத்துவர் வந்திருப்பார். படகு இப்போது கரையேறிக் கிடக்கிறது. மருத்துவர் வேறு வேலைக்குப் போய்விட்டார்.

அவளிடமும் ஒரு படகு இருந்தது. கண்ணுக்குத் தெரியாத எல்லைவரை போகலாம். அதற்கு அப்பால் போனால் கடற்படை படகைப் பிடித்துக் கட்டிவிடும்.

"எஞ்சின போட்டுறாதீங்கண்ணே, விசிறி குட்டிய வெட்டிரும். நான் யாரையாச்சும் பிடிக்கிறேன்."

பிடித்தாள். இந்தக் கரையில் ஒருவர் அனுமதி வேண்டும் என்றார். அந்தக் கரையில் ஒருவர் நாளைக்குப் பார்க்கலாம் என்றார். நிதியத்தின் எண்ணில், இயந்திரக் குரல் ஒன்று அலுவலக நேரத்தைச் சொன்னது.

பொழுது சாய்ந்தது. பாலத்தின் மேல் ரயில் ஊர்ந்து போனது. பயணிகள் கடலைப் படம் எடுத்தார்கள்.

லெம்பேட் மறுபடி அழைத்தார்.

"கரையில என்னைத் தேடத் தொடங்கிட்டினம். காத்தும் எழும்புது. என்ன செய்ய, தங்கச்சி?"

அனுமதி கேட்கிறார் என்பது புரிந்தது. அதைக் கொடுக்க அவளைத் தவிர யாரும் மிச்சம் இல்லை என்பதும்.

"போங்கண்ணே."

இருவருமே அழைப்பைத் துண்டிக்கவில்லை.

கயிற்றை இழுக்கும் சத்தம். எஞ்சின் பிடித்து அணைந்தது. மீண்டும் இழுத்தார். பிடித்துக்கொண்டது.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். இந்தச் சத்தத்துக்கு அது பயந்துவிட வேண்டும். விலகி ஓடிவிட வேண்டும். எங்காவது.

வெகுநேரம் எஞ்சின் மட்டும் கேட்டது.

பிறகு இரைச்சலை மீறி லெம்பேட் கத்தினார்.

"தங்கச்சி, அது பின்னால வருது."