மச்சான் கழுவாத படகு

மச்சானுக்கு இரவல் கொடுத்த படகை எடுத்துவரத் துறைக்குப் போனவருக்கு, டிரெய்லரில் நின்ற நீலப் படகைப் பார்த்ததும் குமட்டிக்கொண்டு வந்தது. உள்ளே மீன் செதில், அழுகிய இரை, மூலையில் யாரோ எடுத்த வாந்தி. வெளியே உப்பு வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது.

"இரவல் வாங்கினா கழுவிக் குடுக்கத் தெரியாதா? சீ! இவனெல்லாம் ஒரு மச்சான்!"

மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு மணி நேரம் தண்ணீரைப் பீய்ச்சினார். வாந்தியைக் கையாலேயே வழித்தெறிந்தார். ஆத்திரம் தாளாமல் மனைவிக்குப் போன் போட்டார்.

"உன் தம்பி லட்சணத்தை வந்து பாரு!"

"ஏன்? இப்பத்தானே நம்ம நீலப் படகைப் பளபளன்னு கழுவி வாசல்ல நிறுத்திட்டுப் போறான்!"

அவர் முதுகுக்குப் பின்னால் யாரோ டீ உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"என் படகு இவ்ளோ சுத்தமா இருந்து நான் பார்த்ததே இல்லண்ணே! சக்கரத்துக்கும் கொஞ்சம் அடிச்சு விட்டுடுங்க, உப்பு அரிச்சுடும்."