குடும்பத் தலைவர்

'1985 ஜூன் 11. இன்று ஒரு சின்னத் தவறு. தவமணி அக்காவின் படிவத்தில், காணாமல்போன கணவரை இறந்தவர் என்று எழுதினேன்.'

அது தவறா, உதவியா என்று டைரியில் எழுதிய தணிகைவேலுக்கே தெரியவில்லை. ஆம்பூர்ப் பக்கம், பழைய தோல் கிடங்கில் இருந்த இலங்கை அகதி முகாமில் அவன் எழுத்தர். குடும்பத் தலைவர் உயிரோடிருந்தால் அவரே நேரில் வந்தால்தான் ரேஷன் அட்டை. இறந்திருந்தால் மனைவிக்குக் கிடைக்கும்.

"அவர் அடுத்த படகில வருவார் தம்பி" என்று மூன்று நாள் மறுத்தாள் தவமணி.

"வந்தா மாத்திக்கலாம்க்கா. பசங்க பட்டினியா கிடக்குதுங்களே."

கடைசியில் படிவத்திலும் பதிவேட்டிலும் கையெழுத்துப் போட்டாள். அன்றைக்கே அரிசி கிடைத்தது.

மறுநாள் மாலை, தட்டச்சு வகுப்புக்குக் கிளம்பியவனை வாசல் காவலர் கோவிந்தசாமி சிரித்தபடி நிறுத்தினார்.

"உன் ரிஜிஸ்டர் நல்லா வேலை செய்யுதுப்பா. மத்தியானம் ஒருத்தன் நொண்டிக்கினே வந்து, தவமணி புருஷன்னான். அந்தம்மா விறகுக்குப் போயிருந்துது. புரட்டிப் பாத்தேன். அந்த ஆளு செத்துட்டான், பொண்டாட்டியே கையெழுத்துப் போட்டிருக்குது, யாரை ஏமாத்தறேன்னு கேட்டேன்."

"இன்னா சொன்னான்?"

"கையெழுத்தைக் காட்டச் சொன்னான். ரொம்ப நேரம் பாத்தான். அவளோடதுதான்னு சொல்லிட்டு ஸ்டேஷன் பக்கம் போய்ட்டான்."

தணிகைவேல் ஓடினான். மதராஸ் வண்டி போய்விட்டிருந்தது.

'ஜூன் 12. வகுப்புக்குப் போகவில்லை. நாளைய வேலை: தவமணி அக்காவிடம் சொல்ல வேண்டும்.'