வால்நட் கிண்ணம்

கணவர் வாயருகே கொண்டுபோன வால்நட்டை மனைவி வெடுக்கென்று பிடுங்கினாள்.

“கொலஸ்ட்ரால் மாத்திரையையும் போட்டுக்கிட்டு கொழுப்பையும் தின்னா, மாத்திரை என்னதான் பண்ணும்?”

“இது நல்ல கொழுப்புடி. மாத்திரையோட மல்லுக்கட்டாது.”

“நாக்கு கேக்குதுன்னு கதை விடாதீங்க. எனக்கு நீங்க வேணும். டாக்டர் சொல்லட்டும், தர்றேன்.”

அன்றே கிளினிக்குக்குப் போய், வரிசையில் காத்திருந்து உள்ளே நுழைந்தாள்.

“டாக்டர், எங்க வீட்டுக்காரர் கொலஸ்ட்ரால் மாத்திரை போடறார். வால்நட் சாப்பிடலாமா?”

“தாராளமா. தினம் ஒரு கைப்பிடி நல்லது. மாத்திரையை மட்டும் நிறுத்தக் கூடாது.”

அவளுக்கு அப்போதுதான் உயிர் வந்தது. கைப்பையிலிருந்து வால்நட் கிண்ணத்தை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

“இந்தாங்க, சாப்பிடுங்க.”

“இதையேதானடி காலையில வீட்டுல சொன்னேன்!” என்றார் டாக்டர்.

“சொன்னீங்க. பனியனோட நின்னு சொன்னா எப்படி நம்புறது?”