மடியில் பத்து கிலோ அரிசி

தம்போய் ஊரில் ஒரு கார்ப் பட்டறையில் கனகராஜ் தன் பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரின் உயரத்தைக் குறைத்துக்கொண்டிருக்கிறான். ஓட்டுகிறவன் எடை உள்ளே இருந்தால்தான் அளவு சரியாக வருமென்று மனைவி லோஷினியை ஸ்டீயரிங்குக்குப் பின்னால் உட்கார வைத்திருக்கிறான். அவன் எடைக்கு அவள் போதாததால் மடியில் பத்து கிலோ அரிசிப் பை. அவள் லைசென்ஸ் எடுத்து மூன்று மாதமாகியும் இந்தக் காரின் சாவியை அவன் கொடுத்ததில்லை. தகரக் கூரை வெயிலில் படபடக்கிறது. வாசலில் மோட்டார் சைக்கிள்கள் சீறிப் போகின்றன. அவள் கால் ஓரிடத்தில் நிற்கமாட்டேன் என்கிறது. "ஆடாத லா, அளவு தப்பிடும்." ஜாக் இறங்க, கார் முனகிக்கொண்டே தாழ்கிறது. டயருக்கும் மட்கார்டுக்கும் இடையே விரல்களை நுழைத்துப் பார்க்கிறான். "ரெண்டு விரல். கரெக்ட்டு. இறங்கு." அவள் அரிசிப் பையை மட்டும் ஜன்னல் வழியே நீட்டுகிறாள். "இப்ப அளங்க. என் எடைக்கு." "அலமாக்!" என்று திகைத்தவன் பையை எங்கே வைப்பதென்று தெரியாமல் அணைத்துக்கொண்டு நிற்கிறான். அவள் கால் கிளட்சைத் தேடுகிறது.