வெள்ளிக்கிழமைக்குப் பிறகு உலகம் இருந்தால்

"இந்த வெள்ளிக்கிழமையோட உலகம் முடியுது. அதுக்கப்புறம் நீ யாரை வேணும்னாலும் கட்டிக்க. எனக்கென்ன?"

லாரிக்காரர் மகளிடம் இப்படிச் சொல்லிவிட்டுக் கை கழுவ எழுந்து போனார். மகள் அம்மாவைப் பார்த்தாள். தையல் மிஷினை மிதித்துக்கொண்டிருந்த அம்மாவின் கால் அப்படியே நின்றுவிட்டது.

மூன்று வருஷமாக அந்தப் பேச்சை எடுத்தாலே வீட்டில் இடி விழும். மகள் விரும்பியது, வண்டிகளைச் சோதித்துச் சான்று கொடுக்கும் இன்ஸ்பெக்டரை. பையன் தங்கமானவன். செய்த ஒரே குற்றம், இவருடைய லாரியை பிரேக் சரியில்லை என்று திருப்பி அனுப்பியதுதான். இந்த ஜென்மத்தில் அவன் தனக்கு மருமகன் இல்லை என்று லாரி ஸ்டாண்டே கேட்கச் சபதம் போட்டுவிட்டார் மனுஷன். பிரேக்கை மறுநாளே சத்தமில்லாமல் மாற்றிவிட்டார். சொன்ன சொல்லைத்தான் மாற்ற முடியவில்லை.

போன மாதம் யாரோ ஒரு தாடிக்காரர் போனில் தோன்றி, வானத்திலிருந்து நெருப்பு விழும் என்று தேதி குறித்துச் சொன்னார். அன்றிலிருந்து லாரிக்காரர் ஆளே மாறிப்போனார். எங்கெங்கிருந்தோ சாமான் ஏற்றி வந்து, பின்பக்க ஷெட்டில் இறக்கி, தார்ப்பாய் போட்டு மூடிப் பூட்டி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டார். உள்ளே என்ன என்று கேட்டால், வரப்போகிற நாளுக்குத் தேவையானது என்பதோடு சரி.

ஸ்டாண்டில் அவருக்குப் 'பிரளயம்' என்று பட்டப்பெயர் விழுந்தது. ஒரு வார்த்தை தாங்காத மனிதர், அதற்கும் சிரித்துவிட்டுப் போனார். மனைவிக்குத்தான் வெளியே தலைகாட்ட முடியவில்லை.

"இதுக்கு முன்னாடியும் ஒருத்தர் தேதி சொன்னார்ங்க. அன்னிக்கு நான் சட்டைக்குப் பட்டன் தெச்சுக்கிட்டு இருந்தேன். ஒரு பட்டன்கூடக் கீழ விழல" என்று சொல்லிப் பார்த்தாள். மனுஷன் காதில் ஏறினால்தானே?

ஆனால் இன்று பழம் நழுவிப் பாலில் விழுந்திருக்கிறது. விடுவாளா அவள்?

"அப்ப ஸ்டாண்டுல நாலு பேர் முன்னால சொல்லுங்க. வெள்ளிக்கிழமை உலகம் அழியலன்னா ஞாயித்துக்கிழமை கல்யாணம்."

தலையைச் சொறிந்தார், முனகினார். சாயங்காலம் ஸ்டாண்டுக்குப் போய் அப்படியே சொல்லியும் விட்டார். டிரைவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்களாம்.

வெள்ளிக்கிழமை வந்தது. லாரிக்காரர் ஷெட்டு வாசலில் நாற்காலி போட்டு வானத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தார். வருகிறவர் போகிறவர் எல்லாம், வந்துவிட்டதா என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். உள்ளே மனைவி பாட்டு முணுமுணுத்தபடி கல்யாணத் துணி தைத்தாள். சாயங்காலம் லேசாகத் தூறியது. அதற்குமேல் வானத்துக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

சனிக்கிழமை காலையில், மனுஷன் இடிந்துபோய் உட்கார்ந்திருப்பாரே, என்ன சொல்லித் தேற்றுவது என்று யோசித்துக்கொண்டே அவள் எழுந்து வந்தாள். அவரோ குளித்துச் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, போனில் ஸ்டாண்டுக்காரர்களிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"என்னப்பா பண்றது, ஊரறிய வாக்கு குடுத்துட்டேன். எனக்கு வேற வழியில்ல. நாளைக்கு எல்லாரும் குடும்பத்தோட வந்து சேருங்க."

போனை வைத்துவிட்டு, முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு அவள் கையில் சாவியைக் கொடுத்தார். "ஷெட்டைத் திறந்து வை. சாமான் எடுக்க ஆளுங்க வர்றாங்க."

பாவம், உலகமே இருண்டுபோகும் என்று நம்பி எவ்வளவு மெழுகுவத்தி வாங்கி அடுக்கியிருக்கிறாரோ, அதை எரித்துத் தீர்க்கவே ஒரு ஆயுள் வேண்டுமே என்று நினைத்துக்கொண்டே அவள் பூட்டைத் திறந்து தார்ப்பாயை இழுத்தாள்.

மெழுகுவத்தி ஒன்றுகூட இல்லை. மடக்கு நாற்காலிகள், சுருள் சுருளாக வண்ண விளக்குகள், விருந்துக்கான பெரிய பாத்திரங்கள். எல்லாவற்றுக்கும் அடியில், முதலில் வந்து இறங்கியதாக, வாசலில் மாட்டும் பலகை ஒன்று. அதில் மகளின் பெயருக்குப் பக்கத்தில், ஒரு மாதத் தூசிக்கு அடியிலும் பளபளத்துக்கொண்டிருந்தது இன்ஸ்பெக்டரின் பெயர்.