பத்து விநாடித் தள்ளுபடி

நெட்டையன் கண்ணில் ஒரு செல்போனும் பட்டுவிடக் கூடாதென்று மைதானத்தின் ஓரத்தில் ஒரு கூட்டமே பாடுபட்டுக்கொண்டிருந்தது. நெட்டையனோ கோலை ஊன்றி உயரத்தைத் தாண்டி, மெத்தையில் பொத்தென்று விழுந்து எழுந்தான்.

இரண்டு நாளில் பத்துப் போட்டி நடக்கும் டெகாத்லானின் இரண்டாம் நாள் அது. காலையில் தடை ஓட்டத்துக்கு முன்பே நெட்டையனின் மாமா கோச்சைக் கூப்பிட்டுத் தகவல் சொல்லிவிட்டார். லாரி மெக்கானிக்கான நெட்டையனின் அப்பா, தூக்கத்திலேயே போய்விட்டார். எடுக்க எப்படியும் நாளையாகும், பையன் முடித்துவிட்டே வரட்டும், அதுவரை அவனுக்குத் தெரிய வேண்டாம் என்பது மாமாவின் உத்தரவு.

கோச் மற்ற போட்டியாளர்களைத் தனியே கூப்பிட்டுச் சத்தியம் வாங்கினார். ஒருவரும் முணுமுணுக்கவில்லை. பத்து போட்டியிலும் சேர்ந்தே விழுந்து எழுந்து, ஒருவன் கோலை இன்னொருவன் இரவல் வாங்கிப் பிழைக்கிறவர்களுக்கு எதிரியாக இருக்க நேரம் கிடைப்பதில்லை.

அதிகம் திண்டாடியவன் கடைக்காரன். துணிக்கடை முதலாளியின் மகன் என்பதால் அந்தப் பெயர். குண்டை எறிந்துவிட்டு, நாடா பிடிப்பவரிடம் அரை சென்டிமீட்டருக்குப் பேரம் பேசுகிற பிறவி. நெட்டையனோடு பள்ளிக்கூடத்திலிருந்தே சிநேகம். அதே அளவுக்குப் போட்டி.

போன வருஷம் கடைக்காரன் தொடை பிடித்துக்கொண்டு பாதியில் விலக, தங்கம் நெட்டையனுக்குப் போயிற்று. வீட்டில் கொண்டுபோய் நீட்டினால் அப்பா ஸ்பானரைக்கூடக் கீழே வைக்கவில்லையாம். "அந்தப் பையன் முழுசா ஓடட்டும். அப்பவும் ஜெயிச்சுட்டு வா, சுவத்துல மாட்டறேன்" என்று சொல்லிவிட்டு லாரிக்கு அடியில் புகுந்துகொண்டாராம்.

நேற்று ஒவ்வொரு போட்டி முடிந்ததும் கோச்சிடம் போனைப் பிடுங்கி அப்பாவுக்கு அளவுகளை ஒப்பித்தவன், இன்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. நம்ம நல்ல நேரம் என்று கோச் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

ஈட்டி முடிந்தபோது நெட்டையன்தான் முன்னால் இருந்தான். ஆனால் கடைசி ஓட்டத்தில் கடைக்காரன் பத்து விநாடிக்கு மேல் முந்திவிட்டால் அந்த முன்னிலை போய்விடும். ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் என்றால் நெட்டையனுக்கு வேப்பங்காய். கடைக்காரன் அதில் எப்போதும் அவனை இருபது விநாடி முந்துகிறவன். தங்கமும் தேசிய அணியில் இருக்கிற ஒரே இடமும் கடைக்காரன் மடியில் விழுந்த மாதிரிதான். கோச் அவனிடம் எதுவும் கேட்கவில்லை. ஒரு தரம் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தார்.

கோட்டில் வந்து நின்றபோது நெட்டையன் அவனை முழங்கையால் இடித்தான்.

"என்னடா, காலைலேர்ந்து ஒரு வம்பும் இழுக்கல? முழுசா ஓடுவேல்ல?"

"நான் என்னிக்குடா யாருக்கு எதைச் சும்மா குடுத்திருக்கேன்?"

துப்பாக்கி வெடித்தது. மூன்று சுற்றுவரை கடைக்காரன் பழக்க தோஷத்தில் முன்னால் பறந்தான். பிறகு மனசு கணக்குப் போட ஆரம்பித்தது. நாலைந்து விநாடி முந்தினால் போதும். ஓட்டத்தில் ஜெயித்த மாதிரியும் இருக்கும், தங்கம் போக வேண்டிய இடத்துக்கும் போய்விடும். வாங்குகிறவனுக்குத் தெரியாமல் விலையை ஏற்றத் தெரிந்த குடும்பம். தெரியாமல் குறைப்பது இன்றுதான் முதல் தடவை.

யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்? நெட்டையன் வீட்டில் துருவித் துருவிக் கேட்கிற ஒரே ஆளும் போய்விட்டார்.

கடைசி வளைவில் களைத்துப்போனவன்போல் வேகத்தைக் குறைத்துக்கொண்டான். பின்னால் நெட்டையன் மூச்சிரைக்க நெருங்கும் சத்தம் கேட்டது. தன் வாழ்க்கையில் அவ்வளவு கஷ்டப்பட்டு எந்த ஓட்டத்தையும் ஓடியதில்லை என்று கடைக்காரனுக்குத் தோன்றியது.

ஒலிபெருக்கி நெட்டையனின் எண்ணைத் தங்கத்துக்குச் சொன்னது. பத்தும் முடிந்ததும் வென்றவன், தோற்றவன் எல்லோரும் கைகோத்து மைதானத்தைச் சுற்றி வருவது டெகாத்லான்காரர்களின் வழக்கம். இன்று ஒருவரும் கேலி பேசவில்லை. கூட்டமில்லாத பக்கத்துக்கு வந்ததும், கோச் ஒப்படைத்திருந்த வேலையைக் கடைக்காரன் ஆரம்பித்தான்.

"டேய், உங்க மாமா போன் பண்ணாரு. அப்பா..."

"தெரியும்" என்றான் நெட்டையன். பிடித்த கையை விடவில்லை. "கண்ணு முழிச்சதும், கோச்கிட்ட போனை ஒப்படைக்கறதுக்கு முன்னாடியே, அக்கா எனக்குத்தான் முதல்ல பேசினா. எனக்குத் தெரியும்னு யார்கிட்டயும் சொல்லிடாதேன்னு அவகிட்ட சத்தியம் வாங்கிட்டேன்."

இத்தனையையும் நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டா தாண்டினான், எறிந்தான், ஓடினான்?

"எங்ககிட்டகூட ஏன்டா சொல்லல?"

நெட்டையன் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அன்றைக்கு முதல் தடவையாகப் பெருமையோடு சிரித்தான்.

"சொன்னா நீ மெதுவா ஓடுவேன்னுதான்."